சேமிக்காத வேலையைக் காக்கும் வகையில் கணினியின் அணைப்பு அமைப்புகளை மாற்றுவது எப்படி?

ஒரு கோப்பைக் கடைசியாகச் சேமித்த பிறகு நீங்கள் அதில் சேர்த்த ஒவ்வொரு வரியும் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. மின்சாரம் நின்ற கணத்தில் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். ஆகவே, கணினி எந்த வழியில் அணைந்தாலும், அணைவதற்கு முன் அந்த வரிகள் வட்டுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதைப் பொறுத்தே அவை மிஞ்சும். ஆய்வேடு எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பக்கம் வடிவமைப்பவர்கள், கணக்குப் பதிகிறவர்கள் ஆகிய அனைவருக்கும் இது ஒரு நாளின் உழைப்பைக் காக்கிற அல்லது இழக்கிற விஷயம்.

கணினி அணைவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. நாமோ அருகில் இருக்கும் வேறொருவரோ அதை அணைக்கிறோம். விண்டோஸ் தன் புதுப்பிப்புக்காகத் தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. அல்லது மின்சாரம் போய்விடுகிறது. இந்த மூன்றையும் ஒரே அமைப்பால் தடுக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் 11-ஐ ஒட்டியவை. விண்டோஸ் 10-இலும் பெரும்பாலானவை அதே பெயரில், சற்று வேறான இடத்தில் இருக்கும்.

அணைக்கச் சொன்னதும் விண்டோஸ் என்ன செய்கிறது?

ஸ்டார்ட் பட்டியலில் ‘ஷட் டவுன்’ என்பதை அழுத்தியவுடன் விண்டோஸ் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ‘அமர்வு முடியப்போகிறது, நீ தயாரா?’ என்ற பொருள்படும் செய்தியை அனுப்புகிறது. சேமிக்காத கோப்பை வைத்திருக்கும் வேர்டு போன்ற மென்பொருள், ‘சேமிக்கவா, வேண்டாமா?’ என்று உங்களைக் கேட்பதற்காக அந்த அணைப்பை நிறுத்திவைக்கிறது. சில விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால், திரை முழுவதும் ஒரே நிறமாகி, எந்தெந்த மென்பொருள்கள் அணைப்பைத் தடுக்கின்றன என்ற பட்டியலும் அதன் கீழே ‘ஷட் டவுன் எனிவே’, ‘கேன்சல்’ என்ற இரண்டு பொத்தான்களும் தோன்றும். இங்கே ‘கேன்சல்’ அழுத்தினால் நீங்கள் உங்கள் வேலைக்கே திரும்பிவிடலாம். ‘ஷட் டவுன் எனிவே’ அழுத்தினால் சேமிக்காதது போய்விடும்.

‘சேமிக்கவா?’ என்ற இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கணினியின் அணைப்பு அமைப்புகள் அனைத்திலும் முதலில் காக்கப்பட வேண்டியது இதுதான். ஆனால், ‘கணினியை வேகமாக அணைப்பது எப்படி?’ என்று சொல்லித்தரும் பல குறிப்புகள் இந்தக் கேள்வியையே நீக்கிவிடச் சொல்கின்றன. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தொகுப்பில் ‘ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்’ என்றொரு மதிப்பு உண்டு. மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். அதன் மதிப்பு 1 என்று வைக்கப்பட்டால், பதில் சொல்லாத மென்பொருள்களை விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே முடித்துவிடும். சில விநாடிகளை மிச்சப்படுத்துவதற்காகச் சில மணி நேர வேலையைப் பணயம் வைக்கிற ஏற்பாடு இது. பழைய கணினியை வாங்கியவர்கள், கடையில் விண்டோஸை மறுபடி நிறுவி வாங்கியவர்கள், வேகப்படுத்தும் மென்பொருள் எதையாவது ஓட்டிப் பார்த்தவர்கள் ஆகியோர் தங்கள் கணினியில் இந்த மதிப்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பார்ப்பதற்கு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் சிறு பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். இடப்புறப் பட்டியலில் ‘ஹெச்கீ கரண்ட் யூசர்’, அதனுள் ‘கண்ட்ரோல் பேனல்’, அதனுள் ‘டெஸ்க்டாப்’ என்று செல்லுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் ‘டெஸ்க்டாப்’ மீது வலச்சொடுக்கி ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்து ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் அந்த நகலை இருமுறை சொடுக்கிப் பழைய மதிப்புகளைத் திரும்பப் பெறலாம். வலப்புறத்தில் மேற்சொன்ன பெயரே இல்லையென்றால் கவலையில்லை, விண்டோஸ் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். பெயர் இருந்து, மதிப்பு 1 என்றிருந்தால், அதைத் திறந்து 0 என்று மாற்றுங்கள். அதே இடத்தில் ‘ஹங் ஆப் டைம்அவுட்’, ‘வெயிட் டு கில் ஆப் டைம்அவுட்’ என்ற இரண்டு மதிப்புகளும் இருக்கக்கூடும். ஒரு மென்பொருள் உறைந்துவிட்டதாக விண்டோஸ் முடிவு செய்ய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், அதை முடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பவற்றை அவை மில்லி விநாடிகளில் சொல்கின்றன. இவற்றின் இயல்பான அளவுகள் முறையே 5000, 20000. யாராவது இவற்றை 1000, 2000 என்று குறைத்து வைத்திருந்தால் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். பெரிய கோப்பொன்றை வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருள் இரண்டு விநாடி மௌனமாக இருப்பது சாதாரணமான விஷயம்.

எல்லா மென்பொருள்களும் இப்படிக் கேட்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இணைய உலாவியில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அதில் தட்டச்சு செய்த எழுத்துகளுக்காக விண்டோஸ் நின்று கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீண்ட பதில்களை வேறொரு கோப்பில் எழுதிச் சேமித்து, பிறகு படிவத்தில் ஒட்டுவதே பாதுகாப்பு.

நேரம் குறித்து அணைக்கும் கட்டளையில் இருக்கும் ஆபத்து

இரவில் ஒரு பெரிய கோப்பு இறங்கி முடிந்ததும் கணினி தானாக அணையட்டும் என்று விரும்புகிறவர்கள், ‘கமாண்ட் பிராம்ப்ட்’ எனப்படும் கட்டளைப் பெட்டியில் ‘ஷட்டவுன்’ கட்டளையை ஒரு காலக்கெடுவோடு கொடுப்பது வழக்கம். சாய்கோடு எஸ் என்பது அணைப்பதற்கு, சாய்கோடு டி என்பதும் அதை ஒட்டி வரும் எண்ணும் எத்தனை விநாடி கழித்து என்பதற்கு. ஒரு மணி நேரத்துக்கு 3600. இதில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது: காலக்கெடு சுழியத்தைவிட அதிகமாக இருந்தால், மென்பொருள்களை வலுக்கட்டாயமாக மூடும் சாய்கோடு எஃப் என்ற தெரிவும் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதாவது, நாம் எஃப் என்று எழுதாவிட்டாலும், நேரம் முடிந்ததும் விண்டோஸ் எந்த மென்பொருளின் பதிலுக்கும் காத்திருக்காது. மேலே சொன்ன கேள்வி இங்கே எழவே எழாது. திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கப்போன கோப்பில் சேமிக்காத மாற்றங்கள் இருந்தால் காலையில் அவை இருக்காது.

இதற்கு நல்ல மாற்று, அணைப்பதற்குப் பதிலாக ஹைபர்நேட் செய்யச் சொல்வது. ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற கருவியைத் திறந்து, ‘கிரியேட் பேசிக் டாஸ்க்’ வழியாக ஒரு நேரத்தைக் குறித்து, இயக்க வேண்டிய நிரலாக ‘ஷட்டவுன்’ என்பதையும் அதற்கான கூடுதல் தெரிவாகச் சாய்கோடு ஹெச் என்பதையும் கொடுத்தால், அந்த நேரத்தில் கணினி நினைவகத்தில் உள்ள அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டு அணையும். காலையில் பொத்தானை அழுத்தினால் எல்லாச் சாளரங்களும் விட்ட இடத்திலேயே இருக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட காலக்கெடுவை ரத்து செய்ய வேண்டுமென்றால், நேரம் முடிவதற்குள் கட்டளைப் பெட்டியைத் திறந்து ‘ஷட்டவுன்’, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஏ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் அழுத்துங்கள். அலுவலக வலையமைப்பிலிருந்து யாரோ ஒருவர் அனுப்பிய அணைப்பு அறிவிப்பு திரையில் தோன்றும்போதும், உங்களுக்கு அதற்கான உரிமை இருந்தால், இதே கட்டளை உதவும்.

மின்பொத்தானும் மடிக்கணினியின் மூடியும்

கண்ட்ரோல் பேனலில் ‘ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்’, அதனுள் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்று சென்று, இடப்புறத்தில் இருக்கும் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்ற வரியைச் சொடுக்குங்கள். மின்பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், ஸ்லீப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், மடிக்கணினியாக இருந்தால் மூடியை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்று தனித்தனியே கேட்கப்படும். மடிக்கணினியில் ‘பேட்டரியில் ஓடும்போது’, ‘மின்இணைப்பில் இருக்கும்போது’ என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். இரண்டையும் மாற்ற மறக்காதீர்கள்.

மின்பொத்தானுக்கு ‘ஷட் டவுன்’ என்ற தெரிவை விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், மேசைக்கு அடியில் கால் படும் இடத்தில் கணினிப் பெட்டி இருக்கும் அலுவலகத்தில், ‘டூ நத்திங்’ என்பதைத் தேர்வதே நல்லது. மற்றவர்களுக்கு ‘ஹைபர்நேட்’ பொருத்தமானது. இருப்பினும், இந்த அமைப்பு பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுவதை மட்டுமே கட்டுப்படுத்தும். பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதை விண்டோஸால் தடுக்க முடியாது. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்தவுடன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் உள்ளவர்கள், அதற்கு முன் இரண்டு மூன்று நிமிடமாவது காத்திருந்து பார்க்க வேண்டும்.

பல கணினிகளில் ‘ஹைபர்நேட்’ என்ற தெரிவு பட்டியலில் தெரியாது. அதே பக்கத்தின் மேற்பகுதியில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவெய்லபிள்’ என்ற வரியைச் சொடுக்கினால், கீழே மங்கலாக இருந்த தெரிவுகள் உயிர்பெறும். ‘ஹைபர்நேட்’ என்பதற்கு அருகில் உள்ள பெட்டியில் குறியிட்டுச் சேமியுங்கள். அங்கும் இல்லையென்றால், கட்டளைப் பெட்டியை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோட்டுடன் ஹைபர்நேட் என்றும், மறுபடி ஓர் இடைவெளி விட்டு ஆன் என்றும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். இதற்காக விண்டோஸ் சி வட்டில் ஒரு மறைகோப்பை உருவாக்கிக்கொள்ளும். அதன் அளவு பொதுவாக நினைவகத்தின் அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 3 ஜிபிக்குச் சற்று மேல். வட்டில் இடம் மிகக் குறைவாக உள்ளவர்கள் மட்டும் இதைக் கணக்கில் கொள்ளலாம்.

ஸ்லீப், ஹைபர்நேட் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஸ்லீப் நிலையில் திரையும் வட்டும் ஓய்வெடுத்தாலும், நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். மேசைக்கணினி ஸ்லீப்பில் இருக்கும்போது மின்தடை வந்தால் அந்தச் சிறு மின்சாரமும் நின்று, சேமிக்காத வேலை அழிந்துவிடும். ஹைபர்நேட் நிலையில் அந்தப் பயம் இல்லை, மின்செருகியையே பிடுங்கிவிடலாம். மேசைக்கணினியில் ஸ்லீப்பின் வேகமும் வேண்டும், ஹைபர்நேட்டின் காப்பும் வேண்டும் என்றால், பவர் ஆப்ஷன்ஸில் உங்கள் திட்டத்துக்கு எதிரே ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, அதனுள் ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’ என்று சென்று, ‘ஸ்லீப்’ என்பதன் கீழ் ‘அலவ் ஹைப்ரிட் ஸ்லீப்’ என்பதை ‘ஆன்’ செய்யுங்கள். அப்போது விண்டோஸ் நினைவகத்தில் உள்ளதை வட்டிலும் எழுதிவிட்டுத்தான் உறங்கும்.

இதே இடங்களில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு தெரிவும் கண்ணில் படும். இதுவும் ஹைபர்நேட் வகையைச் சேர்ந்தது என்பதால் வேலையைக் காக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போதும், அணைக்கையில் பயனரின் அமர்வு முழுவதுமாக மூடப்படுகிறது. விண்டோஸின் உள்மையம் மட்டுமே வட்டில் எழுதப்படுகிறது. உங்கள் கோப்புகளுக்கு அதனால் எந்தக் காப்பும் கிடையாது.

விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்யும்போது

புதுப்பிப்புக்காக நள்ளிரவில் கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொள்வதை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் அப்டேட் சேவையையே முடக்கிவிடுகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வேலை செய்வது, வேலையை இழக்கும் வேறொரு வழி. ஆதலால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. நேரத்தைக் கட்டுப்படுத்தினால் போதுமானது.

செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’, அதனுள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று செல்லுங்கள். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்பதைத் தானியங்கி நிலையிலிருந்து ‘மேனுவலி’ என்று மாற்றி, நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறியுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை என்று வைத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இரவில் காணொளிகளை உருவாக்க விட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள், தங்கள் வேலை நடக்கும் இரவு நேரத்தைச் சேர்த்து மாலையிலிருந்து மறுநாள் காலை வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதே பக்கத்தில் ‘கெட் மீ அப் டு டேட்’ என்ற தெரிவு இருக்கும். அது ஆக்டிவ் ஹவர்ஸ் நேரத்திலும்கூட விரைவில் மறுதொடக்கம் செய்ய அனுமதி கொடுப்பது. அதை ‘ஆஃப்’ நிலையில் வையுங்கள். மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் ‘நோட்டிஃபை மீ’ என்ற தெரிவை ‘ஆன்’ செய்யுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரம், மலர் அச்சுக்குப் போகும் வாரம், கணக்காண்டு முடியும் மார்ச் இறுதி போன்ற நெருக்கடியான காலங்களில், விண்டோஸ் அப்டேட் முதற்பக்கத்திலேயே இருக்கும் ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்பதைப் பயன்படுத்தி ஐந்து வாரம் வரை புதுப்பிப்புகளை நிறுத்திவைக்கலாம். வேலை முடிந்ததும் நீங்களே அதை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் சேமித்த பின் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இறங்கிவிட்ட புதுப்பிப்பு மறுதொடக்கத்துக்காகக் காத்திருந்தால், ‘ஷெட்யூல் த ரீஸ்டார்ட்’ என்பதில் உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் கொடுக்கலாம்.

‘அக்கவுன்ட்ஸ்’, ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ என்ற இடத்தில், மறுதொடக்கத்துக்குப் பிறகு உங்கள் மென்பொருள்களைத் திரும்பத் திறந்து வைக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அதை ‘ஆன்’ செய்வது வசதியே. ஆனால் அது மென்பொருளைத்தான் திரும்பத் திறக்கிறது, அதற்குள் இருந்த சேமிக்காத எழுத்துகளைத் திரும்பக் கொடுக்க வேண்டியது அந்தந்த மென்பொருளின் பொறுப்பு.

மின்சாரம் போகும்போது

நம் ஊரில் இதுவே பெரிய காரணம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அதற்கு நாம் தயாராக இருக்கலாம். அறிவிப்பில்லாமல் ஒரு நொடி போய் மறுநொடி வரும் மின்சாரம்தான் அதிகமான கோப்புகளைக் கெடுக்கிறது.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரியே காவல். ஆனால் அந்தப் பேட்டரி தீரும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேலே குறிப்பிட்ட ‘அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’ பெட்டியில் ‘பேட்டரி’ என்பதை விரித்து, ‘கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன்’ என்பதில் ‘ஹைபர்நேட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஷட் டவுன்’ என்றோ ‘ஸ்லீப்’ என்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் அருகிலேயே ‘கிரிட்டிகல் பேட்டரி லெவல்’ இருக்கும். புதிய பேட்டரிக்கு 5 விழுக்காடு போதும். மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய பேட்டரி 12 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சுழியத்துக்கு விழுந்துவிடக்கூடும் என்பதால், அத்தகையவர்கள் 15 என்று உயர்த்தி வைப்பது நல்லது. ‘லோ பேட்டரி லெவல்’ என்பதை அதைவிடச் சற்று மேலே, 25 அளவில் வைத்து, ‘லோ பேட்டரி நோட்டிஃபிகேஷன்’ என்பதை ‘ஆன்’ செய்யுங்கள். நினைவகத்தை வட்டில் எழுதி முடிக்கும் வரை பேட்டரி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே இந்த எண்களின் நோக்கம்.

மேசைக்கணினிக்கு யுபிஎஸ் இல்லாமல் முக்கியமான வேலை எதையும் செய்யாதீர்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒரு சாதாரணக் கணினியையும் திரையையும் சில நிமிடங்கள் தாங்கும். அந்த நிமிடங்கள் சேமித்து அணைப்பதற்கானவை, வேலையைத் தொடர்வதற்கானவை அல்ல. லேசர் அச்சுப்பொறியை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காமல் கணினியையும் சேர்த்து அணைத்துவிடலாம்.

நாம் அறையில் இல்லாதபோது என்ன செய்வது? யுபிஎஸ்ஸின் பின்புறத்தில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய யுபிஎஸ்ஸைக் கம்பியால் கணினியோடு இணைத்தால், பல நேரங்களில் விண்டோஸ் அதை ஒரு பேட்டரியாகவே அடையாளம் கண்டுகொண்டு, மேசைக்கணினியின் பணிப்பட்டையிலும் பேட்டரிச் சின்னத்தைக் காட்டும். அதன்பின் மடிக்கணினிக்குச் சொன்ன அதே ‘கிரிட்டிகல் பேட்டரி’ அமைப்புகள் மேசைக்கணினிக்கும் தோன்றும். செயலை ‘ஹைபர்நேட்’ என்றும், அளவை 30 அல்லது 40 விழுக்காடு என்றும் வையுங்கள். யுபிஎஸ் பேட்டரி சிறியது, விரைவில் இறங்கும் என்பதால்தான் இவ்வளவு உயரமான எண். கம்பித் துளை இல்லாத யுபிஎஸ், மின்சாரம் போனதைக் கணினிக்குச் சொல்லத் தெரியாதது; அதன் கீச்சொலியைக் கேட்க ஓர் ஆள் அறையில் இருந்தாக வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் சற்றுக் கூடுதல் விலையானாலும் யுஎஸ்பி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதன் பின்புறத்தில் ‘யுபிஎஸ்’ நிலைக்கு மாற்றும் சிறு விசை இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். சாதாரண நிலையில், மின்தடையின்போது இன்வெர்ட்டர் பொறுப்பேற்கச் சற்றுக் கூடுதல் நேரமாகும். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினியோ அதற்குள் அணைந்து மறுபடி எழுந்துவிடும். ‘யுபிஎஸ்’ நிலையில் அந்த இடைவெளி குறைந்து, கணினி பெரும்பாலும் தடையின்றி ஓடும்.

இன்னொரு சிறு அமைப்பு, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் கணினி தானாக எழ வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முந்தைய நிலைக்குப் போக வேண்டுமா என்று அது கேட்கும். பெயர் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறினாலும், ‘ஏசி பவர்’ என்ற சொற்கள் பெரும்பாலும் அதில் இருக்கும். மின்சாரம் சீராக வராத பகுதியில் ‘பவர் ஆஃப்’ என்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை போய்வரும் மின்சாரத்தோடு சேர்ந்து கணினியும் மூன்று முறை எழுந்து விழுவது வட்டுக்கு நல்லதில்லை.

மென்பொருளுக்குள் செய்ய வேண்டியவை

அணைப்பு அமைப்புகள் எல்லாம் தோற்றுப்போகும் நேரத்தில் மிஞ்சுவது மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பு. வேர்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ என்று சென்றால் ‘ஆட்டோ ரெகவர்’ தகவலை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும் என்ற எண் இருக்கும். இயல்பாக அது 10. அதை 2 என்று குறையுங்கள். அதன் கீழே, சேமிக்காமல் மூடினாலும் கடைசியாகத் தானாகச் சேமித்த வடிவத்தை வைத்திருக்கச் சொல்லும் வரியிலும் குறியிடுங்கள். எக்செல்லிலும் பவர்பாயின்ட்டிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். லிப்ரே ஆபீஸில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லோட்/சேவ்’, ‘ஜெனரல்’ என்ற இடத்தில் இதே போன்ற எண் இருக்கும். ஒன்டிரைவில் வைத்த கோப்புகளுக்கு, மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், மேல் இடது மூலையில் உள்ள ‘ஆட்டோசேவ்’ தொடர்ந்து சேமித்துக்கொண்டே இருக்கும்.

புதிய கோப்பைத் திறந்தவுடன், முதல் வரி எழுதுவதற்கு முன்பே, அதற்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அதன்பின் பத்தி முடியும்போதெல்லாம் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துவது எளிதாகிவிடும். பெயரே கொடுக்காத கோப்பை இழந்துவிட்டால், வேர்டில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘மேனேஜ் டாக்குமென்ட்’, ‘ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்’ என்ற இடத்தில் தேடிப்பாருங்கள். அங்கே உள்ளவை சில நாள்களில் நீக்கப்பட்டுவிடும் என்பதால், இழப்பு தெரிந்த அன்றே தேட வேண்டும்.

பலர் பயன்படுத்தும் கணினி

அலுவலகத்திலோ வீட்டிலோ ஒரே கணினியில் பலருக்குத் தனித்தனிக் கணக்குகள் இருந்தால், ஒருவர் தன் கணக்கைப் பூட்டிவிட்டு எழுந்துபோன பின் மற்றொருவர் வந்து அணைத்துவிட வாய்ப்புண்டு. அப்போது விண்டோஸ், வேறொருவர் இன்னும் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார், அவருடைய சேமிக்காத வேலை அழியக்கூடும் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதிக்கும்படி எல்லோரிடமும் சொல்லி வைப்பதோடு, விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் மேலும் ஓர் ஏற்பாடு செய்யலாம். ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ என்ற கருவியில் ‘லோக்கல் பாலிசீஸ்’, ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ என்று சென்று, உள்நுழையாமலேயே கணினியை அணைக்க அனுமதிக்கும் ‘ஷட்டவுன்’ என்று தொடங்கும் வரியை ‘டிசேபிள்டு’ என்று மாற்றினால், உள்நுழைவுத் திரையில் இருக்கும் மின்பொத்தான் மறைந்துவிடும். அதே கருவியின் ‘யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்’ பகுதியில் ‘ஷட் டவுன் த சிஸ்டம்’ என்ற உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்பதையும் சுருக்கிக்கொள்ளலாம். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது.

சோதித்துப் பார்ப்பது

இவ்வளவையும் செய்த பிறகு, உண்மையான கோப்புகள் அனைத்தையும் சேமித்து மூடிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். பெயின்ட் மென்பொருளைத் திறந்து ஒரு கோடு வரைந்து, சேமிக்காமல் விடுங்கள். நோட்பேடு இதற்கு உதவாது. விண்டோஸ் 11-இல் உள்ள புதிய நோட்பேடு சேமிக்காத எழுத்துகளையும் தானாகவே வைத்துக்கொள்ளும் என்பதால் கேள்வி எழாமல் போகலாம். இப்போது ஸ்டார்ட் பட்டியலிலிருந்து அணையுங்கள். கேள்வி வர வேண்டும். ‘கேன்சல்’ அழுத்தித் திரும்புங்கள். கேள்வியே வராமல் அணைந்துவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் சொன்ன மதிப்பை மறுபடி பாருங்கள். அடுத்து, மின்பொத்தானுக்கு ‘ஹைபர்நேட்’ தேர்ந்திருந்தால் அதை ஒருமுறை அழுத்துங்கள். கணினி அணைந்து, மறுபடி எழும்போது அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும். கடைசியாக, யுபிஎஸ் செருகியிருக்கும் சுவர் விசையை அணைத்துவிட்டு, கணினி தானாக ஹைபர்நேட்டுக்குப் போகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்து பாருங்கள். அதற்கு முன்பே யுபிஎஸ் ஓய்ந்துவிட்டால், ‘கிரிட்டிகல் பேட்டரி லெவல்’ எண்ணை இன்னும் உயர்த்த வேண்டும், அல்லது யுபிஎஸ்ஸின் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாவதால், இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.